லாஸ் வேகாஸிலிருந்து டெத் வேலிக்கு ஒரு நாள் வேன் பயணம்: கொடுத்த காசுக்கு ஏற்றதா?

கடந்த பிப்ரவரி நடுவில் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு, லாஸ் வேகாஸிலிருந்து டெத் வேலி (மரணப் பள்ளத்தாக்கு) தேசியப் பூங்காவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பும் வேன் பயணம் ஒன்றில் சென்று வந்தேன். பத்துப் பேர் அமரும் வண்டி, ஓட்டுநரே வழிகாட்டி, ஆளுக்கு 200 டாலருக்குச் சற்று மேல் கட்டணம். பூங்காவின் நுழைவுக் கட்டணம், தண்ணீர், மதிய உணவுப் பொட்டலம் ஆகியவை அதில் அடக்கம். முன்பதிவு செய்வதற்கு முன் இதே வகையில் நான்கைந்து நிறுவனங்களின் பயணத் திட்டங்களைப் படித்துப் பார்த்தேன். எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்ததால், நாங்கள் சென்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், இந்தச் சேவை எப்படிப்பட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுவதானால், வழிகாட்டிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்; அவர் கையில் கொடுத்தனுப்பிய திட்டத்துக்குப் பாதி மதிப்பெண்கூடக் கொடுக்க மனம் வரவில்லை.

அப்பாவுக்கு 71 வயது. அம்மாவுக்கு 66 வயதும் தேய்ந்த முழங்கால்களும். மூன்றாண்டுகளுக்கு முன் நான் தனியாக வாடகைக் காரில் இதே பூங்காவுக்குப் போய் வந்தவன் என்பதால் வழி எனக்குப் புதிதில்லை. ஆனால் அவர்களைப் பின் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு அத்தனை தூரம் நானே ஓட்டுவதற்குத் தயக்கமாக இருந்தது. பொறுப்பை இன்னொருவர் ஏற்றுக்கொண்டால் நானும் வெளியே பார்க்கலாமே என்ற எண்ணத்தில்தான் வேன் பயணத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

நிறுவனத்தின் விளம்பரப் பக்கம் எட்டு இடங்களைப் பட்டியலிட்டிருந்தது: சப்ரிஸ்கி பாயின்ட், டான்டேஸ் வியூ, ஃபர்னஸ் கிரீக், ஹார்மனி போராக்ஸ் (வெண்காரம்) ஆலை, பேட்வாட்டர், டெவில்ஸ் கோல்ஃப் கோர்ஸ், ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், மெஸ்கீட் மணல்மேடுகள். படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் இந்த எட்டையும் வரைபடத்தில் குறித்து, இடையிலுள்ள தூரங்களைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு வேறு விதமாக வருகிறது. டெத் வேலியின் பரப்பு சுமார் 34 லட்சம் ஏக்கர், அதாவது ஏறத்தாழ 13,800 சதுர கிலோமீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் இதுவே மிகப் பெரியது. 1933-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பாலைவனம் 1994-இல் மேலும் விரிவாக்கப்பட்டுத் தேசியப் பூங்காவாயிற்று. லாஸ் வேகாஸிலிருந்து பூங்காவின் நடுவிலுள்ள ஃபர்னஸ் கிரீக்குக்கு ஏறத்தாழ 120 மைல், அதாவது 190 கிலோமீட்டருக்கு மேல். எங்கும் நிற்காமல் ஓட்டினால் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து தெற்கே 28 கிலோமீட்டரில் பேட்வாட்டர் இருக்கிறது. மணல்மேடுகளோ வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டரில், நேர் எதிர்த்திசையில் இருக்கின்றன. டான்டேஸ் வியூவுக்கு நெடுஞ்சாலையை விட்டு விலகி 21 கிலோமீட்டர் மலையேற வேண்டும். வந்த வழியே இறங்கவும் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே நாளில் 580 கிலோமீட்டரை நெருங்கும் ஓட்டம். பன்னிரண்டு மணி நேரப் பயணம் என்று விற்கிறார்கள். அதில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கையிலேயே கழிந்தால்தான் இந்த எட்டு இடங்களும் சாத்தியம். முன்பே ஒருமுறை போய் வந்திருந்தும் இந்தக் கூட்டலை நான் பணம் கட்டிய பிறகுதான் செய்தேன்.

காலை ஏழு மணிக்கு எங்கள் விடுதி வாசலில் வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே வந்தது, அதில் குறையில்லை. ஆனால் ஏறிய பிறகுதான் நாங்கள் இரண்டாவது நிறுத்தம் என்பதும், இன்னும் மூன்று விடுதிகளில் ஆள் ஏற்ற வேண்டும் என்பதும் தெரிந்தது. ஒரு விடுதியில் இளைஞர் இருவர் இருபது நிமிடம் தாமதமாக இறங்கி வந்தார்கள். நகரத்தை விட்டு வண்டி வெளியேறியபோது மணி எட்டே கால். பிறகு பாரம்ப் ஊரில் பெட்ரோலுக்கும் கழிப்பறைக்குமாக இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அங்கே நின்றது சரியான முடிவு. ஏனென்றால் அடுத்த பெட்ரோல் நிலையம் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. அங்கே விலையும் மிக அதிகம். இருந்தாலும், விடுதி விடுதியாகச் சுற்றியதில் போன ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பொழுதுதான் அன்றைய நாளைக் கெடுத்தது.

அது ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். சப்ரிஸ்கி பாயின்ட் என்பது மஞ்சளும் பழுப்புமான களிமண் குன்றுகள் மடிப்பு மடிப்பாக இறங்கிச் செல்லும் ஒரு காட்சி மேடை. பழைய காலத்து ஏரியொன்றின் அடிவண்டல் இறுகிப் பாறையாகி, பின்னர் அரிதாகப் பெய்த பெருமழைகளால் அரிக்கப்பட்டு உருவான நிலம் அது. சூரியன் சாய்வாக இருக்கும் வேளையில் ஒவ்வொரு மடிப்பின் ஒரு பக்கம் பொன்னாகவும் மறு பக்கம் நிழலாகவும் நிற்கும். பார்க்கும் கண்ணுக்கு ஆழம் புலப்படும். நான் தனியாகப் போனபோது அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, சூரிய உதயத்துக்கு அங்கே நின்றேன். எதிரே மேற்கில் பானமின்ட் மலைகளின் உச்சி முதலில் இளஞ்சிவப்பாகி, வெளிச்சம் மெதுவாகக் கீழிறங்கி, கடைசியில்தான் காலடியிலுள்ள குன்றுகளைத் தொட்டது. இந்த முறை வேன் அங்கே போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. வெயில் உச்சியை நெருங்கியிருந்தது. மடிப்புகளெல்லாம் தட்டையாகி, வெளிறிய பழைய துணியை விரித்துப் போட்டதுபோல் கிடந்தன. அம்மா மூச்சு வாங்கியபடி அந்தச் சிறிய ஏற்றத்தை ஏறி வந்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இதற்குத்தானா நீ இவ்வளவு சொன்னாய்?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இடம் அதேதான். வந்து சேர்ந்த நேரம்தான் தவறு.

இந்தப் பூங்காவுக்கு ஒரு நாள் திட்டம் போடுகிறவர்கள், எத்தனை இடங்கள் என்று எண்ணுவதற்கு முன், எந்த இடத்தில் எந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்க்க வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சப்ரிஸ்கிக்கும் டான்டேஸ் வியூவுக்கும் காலைதான் பொருத்தம். இரண்டிலும் நாம் மேற்கு நோக்கி நிற்கிறோம், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிறது. பேட்வாட்டர் உப்புவெளிக்கு வெயில் ஏறுவதற்கு முந்தைய வேளை நல்லது. ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் மலைச்சரிவு மேற்கு பார்த்தது. அதனால் பிற்பகலில்தான் அதன் நிறங்கள் எழும்பும். நாங்கள் சென்ற வேன், நான்கில் இரண்டுக்குத் தவறான நேரத்தில் போனது, ஒன்றுக்குப் போகவே இல்லை; ஒன்றை மட்டும் சரியாகச் செய்தது.

சரியாகச் செய்த அந்த ஒன்றைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். பிற்பகல் மூன்று மணியளவில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவுக்குள் நுழைந்தோம். ஒன்பது மைல் நீளமுள்ள ஒருவழிப் பாதை. 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியில்லை. எனவே பெரிய பேருந்துப் பயணத்தில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. சிறிய வேனில் போவதன் உண்மையான பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. எரிமலைப் படிவுகளிலுள்ள இரும்பும் பிற கனிமங்களும் காலப்போக்கில் மாற்றமடைந்து சிவப்பு, மஞ்சள், ஊதா, பச்சை என்று திட்டுத் திட்டாகச் சரிவெங்கும் பரவியிருக்கின்றன. அந்தப் பச்சையை மரமோ புல்லோ என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே எதுவும் முளைத்திருக்கவில்லை. அது முழுக்கக் கல்லின் நிறம். வழிகாட்டி இருபது நிமிடம் நிறுத்தினார். யாரையும் அவசரப்படுத்தவில்லை.

வழிகாட்டியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவர். இருபதாண்டுகளாக இந்த வழியில் ஓட்டுகிறவர். இந்தப் பள்ளத்தாக்குக்கு மரணத்தின் பெயரை வைத்தவர்கள் 1849-இல் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போகும் வழியில் இங்கே சிக்கிக்கொண்ட வெளியாட்கள் என்பதையும், இங்குள்ள பழங்குடியினரான டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு இது காலங்காலமாகத் தாயகம் என்பதையும், 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஃபர்னஸ் கிரீக்கில் 314 ஏக்கர் நிலம் அவர்களுக்கு உரியதென்று ஏற்கப்பட்டதையும், இன்றும் அவர்கள் அங்கே குடியிருப்பதையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதைகளைத் தொடங்கினார். போராக்ஸ் வண்டிகளின் கதையை அவர் சொன்ன விதம் அப்பாவை மிகவும் கவர்ந்தது. 1883 முதல் 1889 வரை, ஹார்மனி ஆலையில் எடுத்த போராக்ஸை, பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டிய வண்டித் தொடர்கள் 165 மைல் தொலைவிலுள்ள மொஹாவே ரயில் நிலையத்துக்குக் கொண்டு சேர்த்தன. போவதற்கு மட்டும் பத்து நாள். சரக்கு வண்டிகளின் பின்னால் 1,200 காலன் கொள்ளும் தண்ணீர்த் தொட்டியும் சேர்த்து இழுக்கப்பட்டது. “தண்ணீரைச் சுமக்கவே பாதி பலம் போயிருக்கும்” என்றார் அப்பா. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் வழிகாட்டி தலையசைத்து, வண்டியிலிருந்த தண்ணீர்ப் பெட்டியைத் திறந்து அப்பாவின் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். அந்த ஆலையின் இடிபாடுகளை மட்டும் நாங்கள் ஜன்னல் வழியாகவே பார்த்தோம். விளம்பரப் பட்டியலில் அதுவும் ஓர் “இடம்” என்று எண்ணப்பட்டிருந்தது.

மதிய உணவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. குளிர்ந்த ரொட்டிப் பொட்டலம் ஒன்றும் உருளை வறுவலும் தந்தார்கள். சைவம் என்று முன்பே குறித்திருந்ததை மறக்காமல் தந்தது நல்லது. அம்மா கொண்டுவந்திருந்த புளியோதரையால் எங்கள் மூவரின் பொழுதும் நன்றாகவே போயிற்று. ஃபர்னஸ் கிரீக்கில் பேரீச்சை மரங்களின் நிழலும் உணவகமும் கடையும் இருக்கின்றன. விலை நகரத்தைவிடக் கூடுதல். பார்வையாளர் மையத்தில் கழிப்பறை, குடிநீர், கண்காட்சி எல்லாமே ஒழுங்காக இருந்தன. மையத்தின் வாசலிலுள்ள வெப்பமானி அன்று 22 டிகிரி செல்சியஸ் காட்டியது. அந்தக் கட்டிடமே கடல் மட்டத்துக்குக் கீழே நிற்கிறது என்பதை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பேட்வாட்டருக்கு ஒன்றரை மணிக்குப் போனோம். வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்வான இடம். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் செங்குத்தாக எழும் பாறையில், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில், கடல் மட்டம் இது என்று ஒரு சிறிய வெள்ளைப் பலகை பொருத்தியிருக்கிறார்கள். எண்ணைப் படிக்கும்போது புரியாத ஆழம் அந்தப் பலகையைப் பார்த்ததும் புரிந்துவிடுகிறது. மரப்பலகை நடைமேடையைத் தாண்டியதும், ஆயிரக்கணக்கானோர் நடந்து அழுத்தமான வெள்ளைத் தடம் ஒன்று உப்புவெளிக்குள் போகிறது. அம்மா நடைமேடையிலேயே அமர்ந்துகொண்டார். நானும் அப்பாவும் நடந்தோம்.

அப்பா தூத்துக்குடியில் உப்பளம் ஒன்றில் முப்பதாண்டுகள் கணக்கராக இருந்தவர். கூட்டம் குறையும் தூரம் வரை பேசாமல் நடந்தவர், தடத்தின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்தார். அங்கே தரை, விரல் உயரத்துக்கு எழும்பிய உப்பு விளிம்புகளால் ஐங்கோணமும் அறுகோணமுமாகப் பிரிந்து கிடந்தது. விளிம்புகளின் மேல்புறம் கரடுமுரடாக, பூத்ததுபோல், நொறுங்கும் தன்மையோடு இருந்தது. உள்ளேயிருந்த தளமோ இறுகி, மண் கலந்து, சற்றே சாம்பல் நிறத்தில் இருந்தது. சேற்றுக்கு அடியிலிருந்து கசிந்து மேலேறும் நீர் ஆவியாகும்போது உப்பை விட்டுச் செல்கிறது. படிகங்கள் வளர்ந்து ஒன்றையொன்று நெருக்கும்போது விளிம்புகள் மேலெழும்புகின்றன. அப்பா ஒரு விளிம்பைச் சுட்டுவிரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “கசப்பு அதிகமில்லை, பெரும்பாலும் நல்ல உப்புதான்” என்றார். பிறகு வெளியை ஒருமுறை கண்ணால் அளந்து, “ஆள் யாரும் பாத்தி கட்டவில்லை. தானே வரப்பெடுத்து வைத்திருக்கிறதே!” என்றார். அவர் எழுந்திருக்கவே விரும்பவில்லை. ஆனால் எங்களுக்குக் கொடுத்த நேரம் நாற்பது நிமிடம். நடைமேடையிலிருந்து அந்த இடத்துக்கு வரவே பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. திரும்பி நடக்கும்போது அவர் இரண்டு முறை நின்று பின்னால் பார்த்தார். இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது அந்தக் கணம்தான். எட்டு இடங்களைக் காட்டுவதாகச் சொல்லாமல் நான்கே இடங்கள் என்று சொல்லியிருந்தால், அவருக்கு அங்கே இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும்.

மணல்மேடுகளும் டான்டேஸ் வியூவும் டெவில்ஸ் கோல்ஃப் கோர்ஸும் அன்று இல்லை. மூன்றரை மணிக்கு மேல் மணல்மேட்டுக்குப் போனால் ஓட்டுநர் ஓட்டக்கூடிய நேர வரம்பைத் தாண்டிவிடும் என்று வழிகாட்டி வெளிப்படையாகச் சொன்னார். அது பாதுகாப்புக்கான விதி. அவரைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஐந்து விடுதிகளில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்குத் தொடங்கும் பயணத்தில் அந்த வரம்புக்குள் எட்டு இடங்கள் அடங்காது என்பது, அதே வழியில் தினமும் வண்டி அனுப்பும் நிறுவனத்துக்குத் தெரியாமலா இருக்கும்? டான்டேஸ் வியூவை விட்டது பெரிய இழப்பு. 1,669 மீட்டர் உயரத்தில் நின்று, பேட்வாட்டர் உப்புவெளி முழுவதையும் நேர் கீழே பார்க்கும் இடம் அது. பள்ளத்தாக்கைவிடப் பத்து டிகிரி வரையில் குளிராகவும் இருக்கும். நடக்க இயலாத அம்மா போன்றவர்களுக்கு, வண்டியிலிருந்து இறங்கியதும் முழுக் காட்சியும் கண்முன் விரியும் இடம் பூங்காவில் அதுதான். லாஸ் வேகாஸிலிருந்து டெத் வேலி ஜங்ஷன் வழியாக வரும்போது அதற்கான கிளைச்சாலை சப்ரிஸ்கிக்கு முன்பே வந்துவிடுகிறது. அதை முதலில் வைத்திருந்தால் ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து அதற்கென்று திரும்பி வர வேண்டியதும் இல்லை.

இனி, இந்தச் சேவையில் எனக்கு மிகவும் கவலை தருகிற செய்திக்கு வருகிறேன். அந்த நிறுவனம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் இதே கால அட்டவணையில் பயணம் விற்கிறது. நடுப்பகல் ஒன்றரை மணிக்குப் பேட்வாட்டர் என்பது பிப்ரவரியில் வெறும் ரசனைக் குறை. ஜூலையிலோ அது உயிர் தொடர்பான விஷயம். 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸைத்தான் உலக வானிலை அமைப்பு இன்றும் பூமியின் உச்ச வெப்பநிலையாக ஏற்கிறது. அந்தப் பழைய அளவீட்டைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு என்றாலும், அண்மை ஆண்டுகளிலேயே 54 டிகிரியைத் தொட்ட நாட்கள் இருக்கின்றன. இருபுறமும் உயர்ந்த மலைகள். நடுவில் கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கிய குறுகலான பள்ளம். தரையில் சூடேறி மேலெழும் காற்று மலைகளைத் தாண்டிப் போக முடியாமல் குளிர்ந்து மீண்டும் இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தத்தால் முன்னைவிடச் சூடாகிறது. கோடையில் காலை பத்து மணிக்குப் பிறகு தாழ்நிலப் பகுதிகளில் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. ஏதேனும் நேர்ந்தால் ஹெலிகாப்டர் வரும் என்று நம்பியிருக்கவும் முடியாது. வெப்பம் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைகிறது; சுமார் 49 டிகிரிக்கு மேல் மருத்துவ ஹெலிகாப்டர்கள் பொதுவாகப் பறக்க இயலாது. 2024 ஜூலையில் மோட்டார் சைக்கிளில் வந்த குழுவில் ஒருவர் இறந்து, மற்றொருவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட நாளில், 53 டிகிரி வெப்பத்தில் ஹெலிகாப்டரால் வர முடியவில்லை.

பயணம் முடிந்த மறுநாள் அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, கோடையில் நேரத்தை மாற்றுவீர்களா என்று கேட்டேன். வண்டியில் நல்ல ஏசி இருக்கிறது என்று பதில் வந்தது. ஏசி வண்டிக்குள் இருக்கிறது, உப்புவெளியில் இல்லை. வயதானவர்களையோ குழந்தைகளையோ அழைத்துக்கொண்டு கோடையில் இந்தப் பயணத்துக்குப் போக நினைப்பவர்களிடம் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வதெல்லாம், நவம்பர் முதல் மார்ச் வரைக்குள் ஒரு தேதியைப் பாருங்கள் என்பதுதான்.

வேனை விட்டு நாமே ஓட்டிப் போகலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மூன்று பேருக்கு நாங்கள் கட்டியது 600 டாலருக்கும் மேல். நான் தனியாகப் போனபோது வாடகைக் கார், பெட்ரோல், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நுழைவுக் கட்டணம் அப்போது ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். ரொக்கமாக வாங்குவதில்லை, அட்டையில்தான் கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பயணத்தில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். மாலை திரும்பும்போது கைபேசி வரைபடம் ஒரு குறுக்குவழியைக் காட்டியது. தார்ச்சாலை மண்சாலையாக மாறியது. மண்சாலை கூர்கற்கள் நிறைந்த தடமாக மாறியது. கைபேசியில் சமிக்ஞை போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. நல்லவேளையாக வெளிச்சம் இருந்தபோதே திரும்பிவிட்டேன். பின்சக்கரம் ஒன்று மெல்லக் காற்றிறங்கி, பாரம்ப் வந்து சேர்ந்தபோது பாதியாகிவிட்டிருந்தது. பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசி இணைப்பு கிடையாது. வழிகாட்டும் செயலிகளை நம்ப வேண்டாம் என்று நிர்வாகமும் எழுதி வைத்திருக்கிறது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்சாலையில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன என்பதை நான் பிறகுதான் படித்தேன். தாள் வரைபடம் ஒன்றும், ஆளுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாத தண்ணீரும், முழுத் தொட்டிப் பெட்ரோலும், தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை என்ற உறுதியும் இருந்தால் குளிர்காலத்தில் நாமே ஓட்டிப் போவது கடினமில்லை.

தானே நகரும் கற்களுக்குப் பெயர் பெற்ற ரேஸ்ட்ராக் வறண்ட ஏரியை ஒரு நாள் பயணத்தில் சேர்க்க முடியுமா என்று எங்கள் வேனிலேயே ஒருவர் கேட்டார். முடியாது. யுபிஹீபி எரிமலை வாயிலிருந்து இன்னும் 27 மைல் கரடான மண்சாலை. நான்கு சக்கர உந்துவிசையும் தடித்த டயர்களும் இல்லாத வண்டிக்கு அது உகந்ததில்லை. குளிர்கால இரவில் தேங்கிய நீரின் மேல் படியும் மெல்லிய பனித்தகடுகள் காலையில் உடைந்து, இளங்காற்றில் நகர்ந்து, கற்களைத் தள்ளிக்கொண்டு போகின்றன என்பதை ஆய்வாளர்கள் நேரில் கண்டு 2014-இல் வெளியிட்டார்கள். வழிகாட்டி அதை விளக்கியபோது வேன் முழுவதும் அமைதியாகக் கேட்டது. கேட்பதோடு திருப்தியடைய வேண்டியதுதான். அதேபோல், பழைய பயணக் குறிப்புகளில் இடம்பெறும் ஸ்காட்டிஸ் காசில் மாளிகை 2015 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு வழக்கமான பார்வைக்குத் திறக்கப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 20 அன்று புயலின் மிச்சமாக வந்த மழை, ஓராண்டின் சராசரி மழையான சுமார் 56 மில்லிமீட்டரை ஒரே நாளில் கொட்டியதில், பூங்கா முழுவதும் அக்டோபர் நடு வரை மூடப்பட்டது. பேட்வாட்டரில் பல மாதங்களுக்கு ஓர் ஏரியே நின்றது. எனவே எந்தச் சேவையில் போனாலும், கிளம்புவதற்கு முந்தைய நாள் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் நிறுவனம் அப்படி எந்தத் தகவலையும் அனுப்பவில்லை.

ஓட்டத் தெரியாதவர்கள், வலப்பக்க ஓட்டத்துக்குப் பழகாத வெளிநாட்டுப் பயணிகள், தனியாக வருகிறவர்கள் ஆகியோருக்கு இந்தச் சேவை பயன்படும். அவர்கள் பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை விடுதிகளில் ஆள் ஏற்றுவீர்கள்? நகரத்தை விட்டு வண்டி எத்தனை மணிக்கு வெளியேறும்? பேட்வாட்டரில் எத்தனை நிமிடம்? பட்டியலில் உள்ளவற்றில் எவை இறங்கிப் பார்க்கும் இடங்கள், எவை ஜன்னல் வழியாகப் பார்ப்பவை? இவற்றுக்கு நேரான பதில் தராத நிறுவனத்தை விட்டுவிடலாம். அதிகாலை நான்கரை மணிக்கு ஒரே இடத்தில் எல்லோரையும் வரச் சொல்லிக் கிளம்பும் சேவை கிடைத்தால், பத்துப் பதினைந்து டாலர் கூடுதலாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

ஐந்துக்கு இரண்டரை என்று மதிப்பெண் போட்டு, மேலே சொன்னவற்றையெல்லாம் விரிவாக எழுதி நிறுவனத்துக்கும் அனுப்பினேன். இரண்டு வாரங்களில் பதில் வந்தது. போகாமல் விட்ட இடங்களுக்காக ஆளுக்கு 30 டாலர் திருப்பிக் கொடுத்தார்கள். வழிகாட்டியைப் பற்றி எழுதியதை அவரிடம் காட்டியதாகவும் சொன்னார்கள். இதை எழுதும் இன்று அவர்களுடைய விளம்பரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பட்டியலிலிருந்து மணல்மேடுகளை எடுத்துவிட்டார்கள். ஜூலை மாதத் தேதிகள் இன்னும் அதே ஏழு மணிக்கே முன்பதிவுக்குத் திறந்திருக்கின்றன.